சிண்டுவின் வலது காது

கரமனைப் பாலத்தைத் தாண்டினால் ஒரு பேக்கரி. அதன் மாடியில் டாக்டர் ரெஷ்மாவின் கிளினிக். ஊசிக்குப் பயப்படுகிற நாய்கள்கூடக் கீழிருந்து வரும் பப்ஸ் வாசனைக்கு மயங்கிப் படியேறிவிடும் என்று அவள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அன்றைக்குக் காலையில் வந்த நாயால் படியேற முடியவில்லை.

ஹரிநாராயணன் அதை ஒரு துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார். செக்ரட்டேரியட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்து அக்ரகாரத் தெருவில் வீடு. பின்னாலேயே அவர் மனைவி விஜயம் குடையை உதறிக்கொண்டு வந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சிண்டு என்ற இந்த ஐந்து வயது ஷிட்சு நாய்தான் அந்த வீட்டில் ஓடி விளையாடும் ஒரே ஜீவன்.

"ரெண்டு நாளா தலையை ஒரு பக்கமா சாச்சுண்டே நிக்கறான் டாக்டர்," என்றார் விஜயம். "நடந்தா வலது பக்கமா விழறான். எதைக் குடுத்தாலும் வாந்தி. ஒரு மாசமா காதைச் சொறிஞ்சுண்டே இருந்தான். பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி விட்டேன், கொஞ்சம் கொறஞ்சாப்பல இருந்தது. இப்போ பாருங்கோ, என்ன கோலம்!"

மேஜையில் இறக்கியதும் சிண்டு நான்கு கால்களையும் அகல வைத்துக்கொண்டு நின்றது. மேஜையே கப்பலாகி ஆடுவதுபோல அது தள்ளாடியது. தலை வலது தோளை நோக்கிச் சாய்ந்திருந்தது. கண்மணிகள் இரண்டும் பக்கவாட்டில் துடித்துக்கொண்டே இருந்தன. ரெஷ்மா முகத்து முடியை ஒதுக்கிப் பார்த்தாள். வலது பக்க உதடு தொங்கிப்போய், அதன் ஓரமாக எச்சில் நூலாக வழிந்தது. வலது கண்ணருகே விரலைக் கொண்டுபோனாள். இமை அசையவில்லை.

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கெட்டியான வேறொரு ஜோடியை மாட்டிக்கொண்டாள். உதவியாளன் சஜினும் அதைக் கவனித்துத் தன் கையுறையை மாற்றிக்கொண்டான். கல்லூரியில் படித்தபோது தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று ஒருவர் கொண்டுவந்த நாயை ரெஷ்மா பார்த்திருக்கிறாள். வாயை மூட முடியாமல் எச்சில் வடித்துக்கொண்டு நின்ற சாதுவான நாய். இரண்டு பேர் அதன் வாய்க்குள் கைவிட்டுத் துழாவினார்கள். நாய் மறுநாள் செத்தது. அது பேவிஷம், அதாவது வெறிநாய் நோய், என்று பிறகுதான் தெரிந்தது. அந்த இருவரும் ஊசி போட்டுப் பிழைத்துக்கொண்டார்கள். என்றாலும் எச்சில் வடிக்கும் நாயைக் கையுறை மாற்றாமல் அவள் இன்றைக்கும் தொடுவதில்லை.

பதறக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிண்டுவின் பாதத்தை மடக்கி, மேல்பக்கம் மேஜையில் படும்படி வைத்தாள். உடனே அது பாதத்தைத் திருப்பிச் சரியாக ஊன்றியது. நான்கு கால்களிலும் அப்படியே. மூளையில் கோளாறென்றால் பெரும்பாலும் கால் எங்கே இருக்கிறது என்பதே நாய்க்கு மறந்துபோகும். தாடை தொங்கவில்லை, அழுத்தினால் எதிர்த்தது. "சிண்டு" என்று விஜயம் அழைத்தபோது வாலை ஆட்டியது. வலது காதின் மடலைத் தூக்கியதும் புளித்த மாவைப் போன்ற நாற்றம் குப்பென்று வந்தது. சிண்டு வீலென்று கத்தியது.

காதுதான் என்று அவள் மனதில் பாதி முடிவாகிவிட்டது. முகத்தை அசைக்கும் நரம்பு உட்காதை ஒட்டித்தான் போகிறது. உடம்பின் நிலையைக் காக்கும் உறுப்பும் அங்கேதான் இருக்கிறது. சீழ் அவ்வளவு ஆழம் போயிருந்தால் இத்தனையும் வரும். ஆனால் மற்றப் பாதிக்கு இன்னும் பதில் தெரிய வேண்டியிருந்தது.

"மாமி, இவன் சமீபத்துல ஆரையாவது கடிச்சானா?"

"சிண்டுவா? கடிக்கறதாவது! பரம சாதுவாக்கும் அவன்."

"வேக்சின்?"

"வருஷா வருஷம் போடறதுதான்."

"கழிஞ்ச வருஷம் போடலை," என்றார் ஹரிநாராயணன். அதுதான் அவர் பேசிய முதல் வார்த்தை. "எனக்கு ஆபரேஷன் கழிஞ்சு கிடந்தேன். அப்படியே விட்டுப்போச்சு."

"தெருநாய் ஏதாவது இவனைக் கடிச்சிருக்கா?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன் கேட் திறந்து கிடந்தபோது சிண்டு வெளியே ஓடியதையும், ஒரு தெருநாய் அதைப் பிடித்து உருட்டியதையும், கழுத்தில் சின்னக் காயம் பட்டதையும் விஜயம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தத் தெருநாயைப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

ரெஷ்மா மெதுவாகச் சொன்னாள். "எனக்கு இது காதுன்னுதான் தோணுது மாமி. ஆனா பேவிஷம் இல்லேன்னு இப்போ என்னால உறப்பிச்சுச் சொல்ல முடியாது. உயிரோட இருக்கற நாய்கிட்ட அதுக்கு நம்பிச் சொல்ற டெஸ்ட் ஒண்ணும் கிடையாது. அடைச்சு வெச்சு நோக்கணும். பேவிஷம்னா கொஞ்ச நாள்ல தானே தெரிஞ்சுபோகும். அதுவரைக்கும் இவன் இங்க என்கிட்ட இருக்கட்டும். காதுக்கான மருந்தும் தொடங்கறேன்."

"பேப்பட்டி, வெறிநாய்னு சொல்றேளா? எங்க சிண்டுவையா?" விஜயத்தின் குரல் உயர்ந்தது. "தெருவுல ஒருத்தர் காதுல விழுந்தாப் போறும் டாக்டர், அவனைக் கொன்னுட்டுத்தான் மறுகாரியம் பாப்பா. போன மழைக்காலத்துல மேலத்தெரு நாயை என்ன பண்ணினான்னு உங்களுக்குத் தெரியுமோ?"

"நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லப் போறதில்ல மாமி."

விஜயம் அழுதுகொண்டே படியிறங்கினார். ஹரிநாராயணன் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமலே போய்விட்டார்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவர் தனியாகத் திரும்பி வந்தார். குடை இல்லை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"டாக்டர், விஜயம் சொன்னது முழுசும் சரியில்லை," என்றார். "எங்காத்துல வேலைக்கு வர சொர்ணம்மாளைச் சிண்டு கடிச்சுட்டான். நாலு நாளாச்சு. காதுல எண்ணெய் விடறப்போ அவ பிடிச்சுண்டிருந்தா. ஒரே கடி. விரல்ல ஆழமா எறங்கிடுத்து."

"ஊசி போட்டாங்களா?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "விஜயம் மஞ்சப்பொடி வெச்சுக் கட்டிவிட்டா. வீட்டு நாய்தானே, ஒண்ணும் ஆகாதுன்னா. ஆஸ்பத்திரிக்குப் போனா எந்த நாய், யாராத்து நாய்னு கேப்பா, தெருவெல்லாம் பரவிடும்னு பயந்துட்டா. ரெண்டு நாள் மகளாத்துக்குப் போய்ட்டு வான்னு அனுப்பிட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க சார்?"

"நான் அங்கேதான் நின்னுண்டிருந்தேன்," என்றார் அவர்.

சொர்ணம்மாளின் மகள் எலிசாள் பொன்முடியில் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகள் ஒன்றில் இருந்தாள். போனை அம்மாவும் எடுக்கவில்லை, மகளும் எடுக்கவில்லை. மழை பெய்தால் அந்த மலையில் சிக்னல் இருக்காது. பஸ்ஸும் நம்ப முடியாது. ரெஷ்மா சஜினைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கார் சாவியை எடுத்தாள். தான் ஏன் போக வேண்டும், இவரையே அனுப்பினால் என்ன என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் இந்த மனிதர் அங்கே போயும் பேசாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது?

அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். மலையடிவாரத்தில் விதுரையை நெருங்கும்போது ஹரிநாராயணன் கேட்டார்.

"நாலு நாள் கழிஞ்சு போட்டா பலிக்குமோ?"

"நோய் வர்றதுக்கு முன்னாடி எப்போ போட்டாலும் பலிக்கும். ஆனா எப்போ வரும்னு ஆருக்கும் தெரியாது. வந்துட்டா ஒண்ணும் செய்ய முடியாது சார். ஒண்ணுமே."

அவர் கண்ணாடியில் வழியும் மழையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கல்லாறு செக்போஸ்டில் மேலே போகும் வண்டிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வளைவுகளில் மண் சரிகிறதாம். ரெஷ்மா கண்ணாடியை இறக்கித் தான் டாக்டர் என்று சொல்லத் தொடங்குவதற்குள் ஹரிநாராயணன் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். மழையில் நின்றபடியே காவலரிடம் மலையாளத்தில் சொன்னார். தன் வீட்டு நாய் வேலைக்கு வந்த அம்மாவைக் கடித்துவிட்டது, அதற்குப் பேவிஷமாக இருக்கலாம், அவருக்கு இன்னும் ஊசி போடவில்லை, அது தங்கள் குற்றம், மேலே போய் அவரைக் கூட்டி வர வேண்டும். பக்கத்துக் கடைக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எந்த வார்த்தை ஒரு தெருவுக்குத் தெரியக் கூடாதென்று அந்த வீட்டில் மூடி வைத்தார்களோ, அதை அவர் ஊர் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். காவலர் தடையைத் தூக்கினார்.

லயம் மூடுபனிக்குள் இருந்தது. தகரக் கூரையில் மழை அறைந்துகொண்டிருந்தது. சொர்ணம்மாள் மகளின் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து ஒரு கையாலேயே மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு. ஹரிநாராயணனைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"சாரே, மாமிக்கு ஏதும் சுகமில்லையா?"

அவருக்கு முதலில் தோன்றியது அதுதான். ரெஷ்மா தன்னை இன்னாரென்று சொல்லிவிட்டு, கையைக் காட்டச் சொன்னாள். துணியை அவிழ்த்தபோது வலது ஆள்காட்டி விரல் வீங்கிச் சிவந்திருந்தது. பல் இறங்கிய இரண்டு துளைகளில் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது.

"அக்கா, இதுக்கு உடனே ஊசி போடணும். இப்பவே எங்ககூடப் புறப்படணும்."

"வீட்டு நாய்தானே, ஒண்ணும் ஆகாதுன்னு மாமி சொன்னாவளே?"

ரெஷ்மா பதில் சொல்லுமுன் ஹரிநாராயணன், "அது தப்பு சொர்ணம்மா," என்றார். "சிண்டுவுக்குச் சுகமில்லை. அவனை அடைச்சு வெச்சிருக்கு."

சொர்ணம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாய்க்குப் பேவிஷமா டாக்டரே? நேரா சொல்லுங்க."

"தெரியல்ல அக்கா. காதுல உள்ள நோய்னுதான் நான் நினைக்கேன். ஆனா நான் நினைக்கறதை நம்பி நீங்க ஊசி போடாம இருக்கக் கூடாது."

எலிசாள் தேயிலைக் கூடையோடு அப்போதுதான் வாசலுக்கு வந்திருந்தாள். கடைசி வார்த்தைகள் அவள் காதில் விழுந்துவிட்டன. கூடையைக் கீழே போட்டாள்.

"அம்மாவுக்கு நாய் கடிச்சதா? கத்தி பட்டதுன்னுல்லா எனக்கிட்ட சொன்னா!" ஹரிநாராயணனை நோக்கித் திரும்பினாள். "உங்க வீட்டுப் பெண்ணுங்களைக் கடிச்சிருந்தா மஞ்சப்பொடிதான் வெப்பியளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொர்ணம்மாள் கையில் மறுபடி துணியைச் சுற்றிக்கொண்டு, "விடு, போட்டும் பிள்ளே, பெறகு பேசலாம்," என்றார்.

விதுரை ஆஸ்பத்திரியில் முதல் ஊசி. காயத்தைச் சுற்றிப் போட வேண்டிய மருந்துக்கு மெடிக்கல் காலேஜ். வீங்கிய விரலுக்குள் அதைக் குத்தி ஏற்றியபோது சொர்ணம்மாள் கத்தவில்லை. எலிசாளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஹரிநாராயணன் வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தார். யாரோ உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அதன்பிறகு காத்திருக்கும் வேலைதான். கடித்த நாளிலிருந்து பத்து நாள் நாய் உயிரோடும் தெளிவோடும் இருந்தால் கடித்தபோது அதன் எச்சிலில் விஷம் இல்லை என்று கொள்ளலாம். கிளினிக்கின் பின்னறையில் கம்பிக் கூண்டு போட்டுச் சிண்டுவை வைத்திருந்தார்கள். விழுந்து அடிபடாமலிருக்கச் சுற்றிலும் பழைய தலையணைகளை அடைத்தான் சஜின். மூடாத கண் காய்ந்துவிடாமல் அதில் அவ்வப்போது மருந்துத் துளி விட வேண்டும். நீண்ட குழாய் மாட்டிய பீச்சாங்குழலால், கம்பிக்கு வெளியே நின்றபடி ரெஷ்மா அதைச் செய்தாள். தானும் ஒரு தடுப்பூசியைப் போட்டுக்கொண்டாள், சஜினுக்கும் போடச் செய்தாள்.

முதலில் தேறுவதுபோலிருந்த நாய் நடுவில் ஒருநாள் மோசமானது. தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தது. ஒரே பக்கமாகப் புரண்டு புரண்டு கூண்டின் மூலையில் போய் மாட்டிக்கொண்டு, சஜின் பக்கத்தில் போனதும் உறுமியது. சிண்டு உறுமி யாரும் கேட்டதில்லை.

"டாக்டரே, இது அதுதன்னெயாணோ, பேவிஷம்தானோ?" என்று மெல்லக் கேட்டான் சஜின். அவன் முகம் வெளிறியிருந்தது.

உட்காதின் சீழ் மூளைக்குப் பரவினாலும் இப்படி வரலாம். பேவிஷம் முற்றினாலும் இப்படித்தான் வரும். ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் இந்த நிலையிலுள்ள நாயை ஸ்கேன் வசதி உள்ள திருச்சூர்வரை யார் கொண்டுபோவது, யார் தொடுவது? ரெஷ்மா கூண்டின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வேதனையில் உறுமுகிறதா, வெறியில் உறுமுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வலது காதில் கம்பி படும்போது மட்டும் உறுமியது. மற்றபடி அவள் குரலுக்கு வால் அசைந்தது. மருந்தின் அளவைக் கூட்டினாள். வாந்திக்கும் தலைச்சுற்றலுக்கும் வேறு ஊசி சேர்த்தாள். அன்றைக்கு வேறு எந்த நாயையும் பார்க்கவில்லை, வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள்.

விஜயம் தினமும் வந்தார். உள்ளே விடவில்லை. கதவிலிருந்த சிறிய கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். "சிண்டுக்குட்டா, அம்மா வந்திருக்கேன்டா" என்பார். அந்தக் குரலுக்கு நாய் எழ முயன்று விழும். விஜயம் கண்ணாடியிலேயே நெற்றியை வைத்து அழுவார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருநாளாவது "சொர்ணம்மா எப்படி இருக்கா?" என்று கேட்பார் என ரெஷ்மா எதிர்பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

மருந்து கூட்டியபின் கண்மணியின் துடிப்பு குறைந்தது. சிண்டு தலையணையில் சாய்ந்தபடியே எழுந்து நின்றது. பிறகு சோறு தின்றது. வலது பக்கம் பாதி வெளியே சிந்தினாலும், தின்றது. பத்து நாள் கடந்தும் ரெஷ்மா இன்னும் ஒருநாள் பொறுத்தாள். பிறகுதான் மயக்க மருந்து கொடுத்துக் காதுக்குள் கருவியை விட்டுப் பார்த்தாள். செவிப்பறை இருக்க வேண்டிய இடத்தில் பறையே இல்லை, கிழிந்து போயிருந்தது. அதற்கப்பால் முடியும் அழுக்கும் எண்ணெயும் பூண்டுத் துணுக்குகளும் சேர்ந்து தார் போலக் கெட்டிப்பட்டுக் கிடந்தன. அதன் பின்னால் சீழ். வெதுவெதுப்பான உப்புநீரால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி எடுக்க மதியமாகிவிட்டது.

மறுநாள் கணவனும் மனைவியும் வந்தார்கள். ரெஷ்மா எல்லாவற்றையும் விளக்கினாள். காதுதான். பேவிஷம் இல்லை. மருந்து இன்னும் பல வாரம் தொடர வேண்டும். அந்தக் காது இனிக் கேட்காது. தலை கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். இனிமேல் காதில் எண்ணெய் கூடவே கூடாது.

விஜயம் சிண்டுவை வாங்கி முகத்தோடு அழுத்திக்கொண்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். கண்ணீருக்குள்ளே ஒரு வெற்றி தெரிந்தது.

"நான் அப்பவே சொன்னேனே டாக்டர், அவனுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லேன்னு! வெறுமனே எல்லாரையும் பயமுறுத்தி, அவளையும் மலையிலேர்ந்து எறக்கி, வேண்டாத ஊசியெல்லாம் போட்டு... எதுக்காக்கும் இத்தனை பாடு?"

ரெஷ்மாவுக்கு முகம் சூடாகிவிட்டது. இத்தனை நாளில் இந்த நாய் பிழைக்க வேண்டுமென்று அவள் வேண்டாத நேரமில்லை. அது பிழைத்தது இந்தப் பேச்சுக்குப் பலமாகிவிட்டதே என்று நினைத்தபோது கசந்தது.

"மாமி, அன்னைக்குக் கையை வெச்சுப் பாத்த எனக்கே தெரியல்ல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"அவன் எங்க குழந்தை. எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியல்ல. தப்பாப் போகல்ல, அவ்வளவுதான். தப்பாப் போயிருந்தா இன்னைக்கு நம்ம மெடிக்கல் காலேஜ்ல நின்னுட்டிருப்போம், சொர்ணம்மாக்காவைப் பாத்துட்டு."

விஜயம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சேலைத் தலைப்பால் நாயின் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினார். ஹரிநாராயணன் மட்டும் நின்றார். வீட்டில் இப்போதெல்லாம் தானும் விஜயமும் அதிகம் பேசிக்கொள்வதில்லை என்றார். எலிசாளின் வீட்டுக்கு இரண்டு தடவை போனாராம். ஒருமுறை கதவு திறந்தது, ஒருமுறை திறக்கவில்லை.

அவர்கள் போனபின் ரெஷ்மா சொர்ணம்மாளை அழைத்தாள். இந்தமுறை மணி அடித்தது. நாய்க்குப் பேவிஷம் இல்லை, காதில்தான் நோய், கண்ணாலேயே பார்த்துவிட்டேன் என்று சொன்னாள். மறுமுனையில் விம்மல் கேட்டது.

"டாக்டரே, பேவிஷம்னா தண்ணி எறங்காதுன்னுவாவ. இத்தனை நாளும் ஒவ்வொரு தடவை தண்ணி குடிக்கும்போதும் தொண்டையில எறங்குதான்னு பாத்துட்டேதான் குடிச்சேன். எலிசாகிட்டகூடச் சொல்லல்ல. ராத்திரி எழும்பி ஒரு மடக்கு குடிச்சுப் பாப்பேன். எறங்கிச்சின்னா படுப்பேன்."

ரெஷ்மா, பாக்கி ஊசியைத் தவறாமல் போட வேண்டும் என்றாள்.

"போடுதேன். ஆனா அந்த வீட்டுக்கு இனி போகல்ல டாக்டரே. ஆரியசாலையில ஒரு கடையில வேலை சொல்லியிருக்காவ." கொஞ்சம் நிறுத்திவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார். "அதுக்கு இப்போ வலியில்லையே?"

"கொறஞ்சிருக்கு அக்கா."

"நான் காதைப் பிடிச்சதும் அது எப்பிடித் துடிச்சுது தெரியுமா? வலிக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. விடுங்க மாமின்னேன். பிடி, பிடின்னாவ," என்றார் சொர்ணம்மாள்.